எந்த இடத்தில்?

அன்புள்ள ஐயா,

நான் திருப்பரங்குன்றத்தில் வசிக்கிறேன். மதுரையில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் ஆஸ்திரேலிய ராக் குழுவான டேம் இம்பாலாவின் ‘கரண்ட்ஸ்’ ஆல்பத்தை முதன்முதலாகக் கேட்டேன். கேட்ட இரவே நண்பர்கள் நால்வருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டேன். ஒருவர், “பழைய ஆல்பங்களில் கிட்டார் இருந்தது, இதில் சிந்தசைசரைத் தூக்கிக்கொண்டு பாப் பக்கம் போய்விட்டார்கள், கடைசிப் பாட்டை ரிஹானா எடுத்துப் பாடியதே அதற்குச் சாட்சி” என்றார். இன்னொருவருக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே கேட்கிறதாம். மூன்றாமவர் ‘பாஸ்ட் லைஃப்’ பாட்டில் ஒருவன் பேசுகிற குரலைக் கேட்டதும் நிறுத்திவிட்டார். நான்காமவர் முதல் பாட்டின் நடுவில் தன் கைப்பேசி பழுதாகிவிட்டது என்று நினைத்து அதை அணைத்துவிட்டு மீண்டும் போட்டிருக்கிறார். அதைச் சொல்லி இன்றுவரை அவரைக் கேலி செய்கிறோம். ஆனால் ஆஸ்திரேலிய வானொலி நேயர்கள் இந்த ஆல்பத்தின் ஒரு பாட்டைப் பத்தாண்டின் முதல் பாட்டாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். யாருடைய கருத்தை எடுத்துக்கொள்வது? ஆங்கில வரிகள் பாதி புரியாமல் மதுரையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு இந்த இசையைப் பற்றிப் பேசத் தகுதி உண்டா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நான்காவது நண்பர் இல்லாதிருந்தால் இந்தக் கடிதத்துக்கு நான் இத்தனை விரைவில் பதில் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நால்வரில் உண்மையாகவே அந்த ஆல்பத்தைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேலி செய்துகொண்டிருக்கிறீர்கள்.

தகுதியைப் பற்றிய கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன்; அதைப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொள்ளும் எதிர்சேவை இரவில் தல்லாகுளத்தில் நின்றிருக்கிறீர்கள்தானே? ஒரே அழகர் வர்ணிப்பு வரிசையாகக் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்களில் எல்லாம் ஒலிக்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும் என்பதால், 170 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாயின் குரல், நம் தலைக்கு மேலிருக்கும் குழாயின் குரலுக்கு அரை நொடி பிந்தி வந்து சேரும். ஒருவர் பாடுவது இருவர் பாடுவதாகி, பிறகு ஒரு கூட்டமே பாடுவதாகி, நாம் நடக்க நடக்க அந்தப் பிந்தலும் மாறிக்கொண்டே வரும். 1966-இல் லண்டனின் அபே ரோடு ஸ்டுடியோவில் கென் டவுன்செண்ட் என்ற பொறியாளர் இரண்டு டேப் கருவிகளை இணைத்து, பீட்டில்ஸ் பாடகர்களின் குரலை ஒரு நொடியின் சிறு பங்கு பிந்தவைத்து இரட்டித்துக் காட்டினார். டேம் இம்பாலா வாசிக்கிற, மயக்க நிலையை ஒலியாக்கும் சைக்கடெலிக் இசையின் பாதி வித்தை அந்தப் பிந்தலிலும் சுழற்சியிலும் எதிரொலியிலும்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த காதுக்குத் தகுதிச் சான்றிதழ் எதற்கு? வரிகள் புரியவில்லை என்கிறீர்கள். முதல் பாட்டின் பின்பகுதியில் வோகோடர் என்கிற, குரலை இயந்திர ஒலியாக்கும் கருவி வழியாக வருகிற குரல், ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் சொற்களாகப் பிடிபடாது. அதை விடுங்கள்.

எண்பதுகளில் மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. படிப்பு முடிந்து வேலை கிடைக்காதிருந்த காலத்தில் என் மாலைகள் அந்தக் கடையின் மர ஸ்டூலில்தான் கழிந்தன. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், 60 அல்லது 90 நிமிடக் கேசட்டில் பதிந்து, உறையின் மேல் ஊதா மையில் பாட்டின் பெயர்களை வரிசையாக எழுதித் தருவார் கடைக்கார அண்ணாச்சி. (பதிப்புரிமை என்ற ஒன்று இருப்பதாக அந்தச் சந்தில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.) சிலர் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்து பதிவு சரியில்லை என்பார்கள். அண்ணாச்சி அவர்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “எந்த இடத்துல?”

“எல்லாமே சரியில்லண்ணே” என்று சொன்னவருக்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான். “அப்ப உங்க டேப்ரிக்கார்டர் ஹெட்ட ஸ்பிரிட் வச்சுத் தொடைங்க” என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்ப்பார். ஆனால், “மூணாவது பாட்டுல ரெண்டாஞ் சரணம் முடியிற எடத்துல கொரல் ஆடுது” என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வருவார். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடும். ஒரு பக்கத்தின் 10-ஆவது நிமிடத்தில் நாடா கசங்கியிருந்தால், மறுபக்கத்தில் 35-ஆவது நிமிடத்தை ஒட்டியும் ஏதாவது கோளாறு தெரிய வேண்டும்; இரு பக்கத்துக்கும் நாடா ஒன்றுதானே. கேசட்டைத் திருப்பிப் போட்டு, அந்த இடம் வரைக்கும் ஓட்டி, ஸ்பீக்கரின் வலைக்குக் காதைக் கொடுத்துக் கேட்பார். அங்கும் ஆடினால் நாடாவின் குற்றம், புதுக் கேசட் உண்டு. ஆடாவிட்டால் தன் பதிவின் குற்றம், மறுபடி பதிந்து தருவார். இடம் சொல்லத் தெரிந்தவரிடம் அவர் இரண்டாம் முறை காசு வாங்கி நான் பார்த்ததில்லை.

1986-இல் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ வந்தது. அவர் பிறந்த பண்ணைப்புரம் அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொந்த வீட்டுப் பிள்ளை. அவர் பெயரைப் பார்த்துக் கேசட்டை வாங்கிப் போனவர்களில் பலர், பாடுவதற்கு ஒருவரும் இல்லாத அந்த இசையைக் கேட்டுக் குழம்பிப்போனார்கள். “ஆகா, ஒலகத் தரம்” என்றவர்களும் உண்டு, “ராஜா நம்மள விட்டுப் போயிட்டாரு” என்றவர்களும் உண்டு. அண்ணாச்சி இரு சாராரையும் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் உசிலம்பட்டிப் பக்கத்துத் தையற்காரர் ஒருவர் கேசட்டோடு வந்தார். “ரெண்டு கேசட்டு ஒண்ணு மேல ஒண்ணு பதிஞ்சிருக்கு. வெள்ளக்காரன் வயலினு தனியா ஓடிக்கிட்டிருக்கு, கொஞ்ச நேரத்துல நம்ம வயலினு குறுக்க வந்து ஏறிருச்சு” என்றார். எந்த இடத்தில் என்று கேட்டதற்கு, கேசட்டைத் தானே வாங்கிப் போட்டு, தள்ளி ஓட்டி, இரண்டு வயலின்களும் சந்திக்கிற அந்தத் துல்லியமான கணத்தில் விரலை உயர்த்திக் காட்டினார். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற பகுதி அது. ஜெர்மானிய இசை மேதை பாக் எழுதிய வயலின் இசை ஓடிக்கொண்டிருக்க, அதன் மேலேயே நம் வயலின் வந்து சேர்ந்துகொள்ளும். அந்த அமைப்பைப் பற்றி அதைவிடச் சரியான விளக்கத்தைப் பின்னாளில் படித்த எந்தக் கட்டுரையிலும் நான் காணவில்லை. அதைப் பிழை என்று நினைத்ததுதான் தையற்காரர் செய்த ஒரே பிழை. காது ஒரு இடத்தில் கூடச் சறுக்கவில்லை.

உங்கள் நான்காவது நண்பர் அந்தத் தையற்காரரின் வாரிசு. ஆல்பத்தின் முதல் பாட்டான ‘லெட் இட் ஹேப்பன்’ ஏழு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிற பாட்டு. அதில் நான்காவது நிமிடத்தை ஒட்டி, இசையின் ஒரு துணுக்கு மட்டும் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும், சி.டி. கீறலில் சிக்கினால் வருமே, அப்படி. எங்கள் காலத்தில் இது ரெக்கார்டில் நேரும். கல்யாண வீட்டு ரேடியோ செட்காரர் முள் தாவாமலிருக்க அதன் தலையில் ஒரு காசை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். டேம் இம்பாலாவின் பாட்டுகளை உருவாக்குகிற கெவின் பார்க்கர் இதை வேண்டுமென்றே செய்திருக்கிறார். மாட்டிக்கொண்ட அந்தத் துணுக்கு விடுபடும் என்று காத்திருக்கும்போது அது விடுபடாது. நம் பொறுமை தீரும் வரை அப்படியே நிற்கும், பிறகு அதற்கு மேலேயே வேறு ஒலிகள் எழுந்து வளரும், பழுது என்று நினைத்ததே தாளமாகிவிடும். மாறுவதைத் தடுக்காதே, நடக்க விடு என்று பாடுகிற பாட்டில், ஓட்டம் நின்றுபோகிற இடம் அது. அந்த இடத்தில் ஒருவருக்குத் திடுக்கிட்டுக் கை கைப்பேசிக்குப் போகிறது என்றால், இசையமைத்தவன் எதிர்பார்த்த கேட்பவர் அவர்தான். நீங்களும் மற்ற மூவரும் அந்த இடத்தைத் தாண்டிப் போனபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? உங்களில் ஒருவருக்காவது திடுக்கிடல் வந்ததா?

கிட்டார் நண்பரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் இசையைப் பற்றி இன்று நான் படிக்கிற கருத்துகளில் பெரும்பகுதி அவருடைய ரகம். 2010-இன் ‘இன்னர்ஸ்பீக்கர்’, 2012-இன் ‘லோனரிஸம்’ இரண்டிலும் கிட்டார் முன்னே நின்றது, 2015 ஜூலையில் வந்த ‘கரண்ட்ஸ்’ ஆல்பத்தில் சிந்தசைசர் முன்னே வந்தது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது கேட்காமலேயே சொல்லிவிடக்கூடிய உண்மை. எந்தப் பாட்டின் எந்த அடியில் கிட்டார் இல்லாமல் தவித்தார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. நான் பேசிக்கொண்டிருக்கிற அந்த முதல் பாட்டின் கடைசிப் பகுதியில் கிட்டார் நன்றாகவே வந்து முழங்குகிறது. அதுவரை அவர் உட்காரவில்லை என்று சந்தேகிக்கிறேன். அவர் சொன்னது தன்னைப் பற்றிய செய்தி: தான் பழைய ரசிகர், முதலிலேயே வந்தவர், ஆகவே துரோகம் இழைக்கப்பட்டவர். மதுரையில் ஒவ்வொரு நடிகருக்கும் இப்படி ஒரு பழைய மன்றத்துக்காரர் உண்டு. அந்த நடிகரின் புதுப் படத்தை அவர் பார்த்திருக்க மாட்டார், கருத்து மட்டும் தயாராக இருக்கும். ரிஹானா 2016-இல் அந்தக் கடைசிப் பாட்டைத் தன் ஆல்பத்தில் ஏறத்தாழ அதே பின்னணியோடு பாடினார் என்பது பார்க்கருக்குக் குற்றச்சாட்டாக எப்படி ஆகும் என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்றவரை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். பெர்த் நகரை ஒட்டிய ஃப்ரீமாண்டிலில், வீட்டு ஸ்டுடியோவில் ஒருவரே பாடி, வாசித்து, பதிவு செய்த 13 பாட்டுகள் அவை. மேடையில்தான் குழு. முந்தைய இரண்டு ஆல்பங்களையும் டேவ் ஃப்ரிட்மேன் மிக்ஸிங் செய்தார், இதில் அந்த வேலையையும் பார்க்கரே செய்தார். ஒரே கையின் ருசி எல்லாவற்றிலும் படிந்திருக்கத்தான் செய்யும். ஆனால் அவரும் எந்த இரண்டு பாட்டுகள் தனக்குக் குழம்பின என்று சொல்லியிருந்தால் நாம் பேச முடிந்திருக்கும்.

வாக்கெடுப்பை நீங்கள் கடைசித் துருப்பாக வீசுகிறீர்கள். ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே வானொலியின் நேயர்கள் ‘தி லெஸ் ஐ நோ தி பெட்டர்’ பாட்டை 2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டின் முதல் பாட்டாக 2020-இல் தேர்ந்தெடுத்தது உண்மைதான். அதே வானொலியின் 2015-ஆம் ஆண்டுக்கான வாக்கெடுப்பில் இந்தப் பாட்டு முதலிடம் பெறவில்லை. ‘ரூபன்ஸ்’ குழுவின் பாட்டு முதலில் வந்தது. அந்த நேயர்களுக்கே ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன. நீங்களோ கேட்ட இரவே நால்வருக்கு அனுப்பி, மறுநாள் கருத்துகளை வாங்கி, கூட்டிக் கழித்து, விடை வரவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் செய்யவேண்டிய வேலையைக் காதுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், தம்பி. உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்துப் பாருங்கள். கிட்டார்காரர் என்ன சொன்னார், வானொலி நேயர்கள் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் இருக்கிறது. உங்களுக்கு அந்த ஆல்பத்தில் எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் சலித்தது என்று ஒரு வரி கூட இல்லை. கண்டிப்பதற்காகச் சொல்லவில்லை. இரவில் ஒரு புது இசையைக் கேட்டுவிட்டு, அந்தப் பரவசத்தைத் தனியாகத் தாங்க முடியாமல் யாருக்காவது உடனே அனுப்பத் துடிக்கிற மனம் எனக்குத் தெரியாததல்ல. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பரவசம் எந்த நிமிடத்தில் வந்தது என்பதையும் சேர்த்து அனுப்பியிருந்தால், நண்பர்களுக்கும் காதைக் கொடுக்க ஓர் இடம் கிடைத்திருக்கும்.

‘பாஸ்ட் லைஃப்’ பாட்டைப் பாதியில் நிறுத்தியவரோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. சலவைக் கடைக்குப் போய்விட்டு வருகிற வழியில் பழைய காதலியைப் பார்த்துவிட்டவன், சுருதி இறக்கிய கனத்த குரலில் அதைச் சொல்லிக்கொண்டு போகிறான். முதல் முறை அந்தக் குரல் தொடங்கும்போது எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஒருவர் தன் நாட்குறிப்பைக் கட்டாயப்படுத்திப் படித்துக் காட்டுவதை உட்கார்ந்து கேட்பதுபோன்ற சங்கடம். ஆனால் பாடும் குரல் உள்ளே நுழைகிற இடத்தில், பேசுகிறவனால் சொல்ல முடியாதது ஒன்றைப் பாடுகிறவன் மேலே எடுத்துக்கொண்டு போகிறான். அந்த முதல் நுழைவு வரைக்குமாவது உங்கள் நண்பர் இருந்திருக்க வேண்டும். இரண்டாம் முறை பேச்சுக் குரல் திரும்பி வரும்போது எனக்கு மறுபடி அலுப்புத் தட்டுகிறது, அதை மறைக்கப் போவதில்லை. உங்களுக்கு எங்கே என்று எழுதுங்கள். கைப்பேசியை அணைத்த நண்பரையும் எழுதச் சொல்லுங்கள். மீதி 12 பாட்டுகளில் அவர் கை வேறு எங்கெல்லாம் கைப்பேசிக்குப் போனது என்பதை அவரிடமிருந்தே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.