திரும்பி வரும் பழைய போன்கள்: ஈபேயில் விற்பவர்களுக்குக் கேள்வி பதில்

கேள்வி: "ரிட்டர்ன் கிடையாது" என்று போட்டுத்தான் பழைய லேப்டாப்பை விற்றேன். பேட்டரி நிற்கவில்லை, திருப்பி எடுத்துக்கொள் என்கிறார் வாங்கியவர். மறுக்கலாமா அண்ணா?

பதில்: முடியாது தம்பி. மனம் மாறித் திருப்பித் தருபவரிடம்தான் அந்த வரி செல்லும். சொன்னபடி பொருள் இல்லை என்று 30 நாளுக்குள் கேட்டால், வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் ஈபேயின் உத்தரவாதம் அவர் பக்கம். திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையதுதான். 3 வேலை நாளுக்குள் பதில் போட்டுவிடுங்கள். தாண்டினால் அவர் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். இனி விற்கும்போது பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று சோதித்து எழுதுங்கள். "நன்றாக வேலை செய்கிறது" என்று மட்டும் எழுதினால் தகராறு அங்கேதான் தொடங்கும்.

கேள்வி: நல்ல கேமராவை அனுப்பினேன். அதே மாடலில் உடைந்த ஒன்று திரும்பி வந்திருக்கிறது!

பதில்: கேட்கவே வயிறு எரிகிறது. ஆனால் கோபத்தில் அவருக்கு எதுவும் எழுதாதீர்கள். ரிட்டர்ன் வந்து சேர்ந்தால் 2 வேலை நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது விதி. அதனால் சும்மா இருக்காமல் அதற்குள்ளேயே ரிட்டர்ன் பக்கத்தில் புகார் கொடுங்கள். அனுப்பியதன் சீரியல் எண், வந்ததன் சீரியல் எண், இரண்டு படமும் வேண்டும். முதல் படம் இல்லையென்றால் உங்கள் சொல்லுக்கு எதிராக அவர் சொல், அவ்வளவுதான். ஆகவே எதை அனுப்பினாலும் எண் தெரியப் படம் எடுங்கள். போன் என்றால் *#06# அழுத்தி, திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, படம் பிடியுங்கள். பெட்டியில் வைத்து ஒட்டுவதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். திரும்பி வரும் பார்சலைப் பிரிக்கும்போதும் அப்படியே. நான் விற்கும் பொருளின் உள்பக்கம் புற ஊதா பேனாவால் வெறும் கண்ணுக்குத் தெரியாத சின்னக் குறியும் போடுகிறேன்.

கேள்வி: திரும்பி வந்த ஐபோன் அவருடைய ஆப்பிள் கணக்கைக் கேட்கிறது.

பதில்: இது பெரும்பாலும் மறதிதான், நயமாகவே கேளுங்கள். போன் கையில் இல்லாவிட்டாலும் ஆப்பிளின் இணையச் சேவையான ஐகிளவுடில் நுழைந்து அவர் தன் கணக்கிலிருந்து அந்தப் போனை நீக்கலாம். பாஸ்வேர்டை உங்களிடம் சொல்லத் தேவையில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

கேள்வி: "ரிட்டர்ன் வேண்டாம், பாதிப் பணத்தைத் தனியாக அனுப்பு" என்கிறார்.

பதில்: வேண்டவே வேண்டாம். ஈபேக்கு வெளியே தந்த பணத்துக்கு அங்கே கணக்கு இருக்காது. முழுத் தொகைக்கும் அவர் மறுபடி ரிட்டர்ன் போடலாம்.

கேள்வி: போனின் பேட்டரி வீங்கிவிட்டதாம், திருப்பி அனுப்புகிறேன் என்கிறார் வாங்கியவர்.

பதில்: அனுப்ப விடாதீர்கள். பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றக் கூடாது, தீப்பிடிக்கும். படம் வாங்கிப் பாருங்கள். உண்மை என்றால் பணத்தைத் திருப்பிவிடுங்கள். அதைச் சார்ஜில் போடாமல் அவர் ஊரிலேயே மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.