செயலியை நீக்கினாலும் சந்தா நிற்காது: புத்தகச் சுருக்க ஆப்கள் பற்றி வாசகர் கேள்விகள்

முந்நூறு பக்கப் புத்தகத்தைப் படம் போட்டுப் பதினைந்து நிமிடத்தில் சொல்லிவிடும் ஆப்கள் பற்றி இந்த முறை நான்கு கடிதங்கள். மூன்று பேர் வாங்குகிறவர்கள். ஒருவர் அப்படி ஓர் ஆப்பைத் தமிழில் தொடங்கப் போகிறவர். நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. பிளஸ் டூ படிக்கும் என் மகள் இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்து, வரலாறு, பொருளாதாரப் புத்தகங்களைப் படக்கதை மாதிரி சுருக்கித் தரும் ஓர் ஆப்பை என் போனில் இறக்கினாள். ‘ஏழு நாள் இலவசம்’ என்று போட்டிருந்ததால் யுபிஐ பின்னைப் போட்டுக் கொடுத்தேன். நான்காம் நாளே பிடிக்கவில்லை என்று ஆப்பை நீக்கிவிட்டோம். எட்டாம் நாள் 2,499 ரூபாய் போய்விட்டது. ஒரு வருடச் சந்தாவாம். பணம் திரும்பக் கிடைக்குமா? – கும்பகோணம் வாசகி

பதில்: அம்மா, ஆப்பை நீக்குவது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு. போனிலிருந்து ஆப் போய்விட்டாலும், நீங்கள் பின் போட்டுக் கொடுத்த அனுமதி அப்படியே இருக்கிறது. வாசலில் விழும் பேப்பரை எடுக்காமல் விட்டுவிட்டால் மாதக் கடைசியில் பில் வராமல் போகுமா? அதே கணக்குதான்.

முதலில் அடுத்த வருடமும் பணம் போகாமல் அடைத்துவிடுங்கள். பிளே ஸ்டோரைத் திறந்து மேலே ஓரத்தில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்று வரும். அதற்குள் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’. நீக்கிய ஆப்பின் பெயர் அங்கே இன்னும் உட்கார்ந்திருக்கும். ரத்துசெய்யுங்கள். அப்புறம் உங்கள் யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’, அதாவது தானாகப் பணம் எடுக்கும் அனுமதிகள் உள்ள பகுதியையும் ஒருமுறை பாருங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் தங்கள் பெயரைத் தொட்டால் அதே ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ இருக்கும். அதில் இலவசக் காலம் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பே ரத்துசெய்துவிட வேண்டும். கடைசி நாள் சாயங்காலம் செய்தால் தப்ப முடியாது.

இனி போன பணம். பணம் போய் 48 மணி நேரம் தாண்டவில்லை என்றால் கூகுளிடமே ரீஃபண்ட் கேட்கலாம். தாண்டிவிட்டால் ஆப் நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும். பணம் எடுத்ததற்கு ஜிமெயிலில் ரசீது வந்திருக்கும். அதில் ஜிபிஏ என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஒரு நீளமான ஆர்டர் எண் இருக்கும். அதைக் குறிப்பிட்டு நான்கே வரி எழுதுங்கள்: இலவசக் காலம் தொடங்கிய தேதி, ஆப்பை நீக்கிய தேதி, அதன்பிறகு ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்ற தகவல், முழுத் தொகையும் வேண்டும் என்ற கோரிக்கை. கோபத்தைக் காட்டி இரண்டு பக்கம் எழுதினால் வேலை நடக்காது.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அங்கே ஒரு வார்த்தையைக் கட்டாயம் சொல்லுங்கள்: ‘சந்தாப் பொறி’. இணைய வணிகத்தில் வாங்குகிறவரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டு மத்திய அரசு 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதில் இதுவும் ஒன்று. ரத்துசெய்யும் வழியை ஒளித்துவைப்பது மட்டுமே சந்தாப் பொறி என்று நினைக்காதீர்கள். இலவசச் சந்தாவுக்காகப் பணம் செலுத்தும் விவரத்தையோ தானாகப் பணம் எடுக்கும் அனுமதியையோ கட்டாயப்படுத்தி வாங்குவதும் சந்தாப் பொறிதான் என்று அதில் எழுதியே இருக்கிறது. உங்களுக்கு நடந்தது அதுதானே?

இன்னொரு விதியும் உங்கள் பக்கம் இருக்கிறது. தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும், வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஏழாம் நாள் அப்படி ஏதாவது எஸ்எம்எஸ் வந்ததா என்று தேடுங்கள். ஆப்பின் பெயருக்குப் பதில் கூகுள் பெயரில் வந்திருக்கலாம், அதனால் கண்ணில் படாமல் போயிருக்கலாம். வரவே இல்லை என்றால் வங்கிக்கும் ஒரு புகார் கொடுங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டியதில்லை, 2 வருடத்துக்குள் மனு கொடுத்தால் போதும். பணம் நிச்சயம் வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பின் போட்டது நீங்கள்தான் என்று அவர்கள் வாதாடுவார்கள். ஆனாலும் 2,499 ரூபாய்தானே என்று விடாதீர்கள். ஒரு மாதத்து மளிகையில் பெரும்பங்கு அது.

கேள்வி: கல்லூரி போகும் என் மகனுக்குப் பாடப் புத்தகம் தாண்டி வாசிக்கும் பழக்கம் இல்லை. படமாவது இருந்தால் படிப்பான் என்று இந்த ஆப்களில் ஒன்றுக்குச் சந்தா கட்ட நினைக்கிறேன். எது நல்லது? – திருநெல்வேலி வாசகர்

பதில்: ஆப்பின் பெயரைச் சொல்வதைவிட, எது நல்லது என்று நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். இலவசக் காலத்தில் புதிய புத்தகத்தைத் திறக்காதீர்கள். நீங்கள் முழுதாகப் படித்த, மனதில் நிற்கும் ஒரு புத்தகத்தின் சுருக்கத்தைத் திறந்து பாருங்கள். எது போயிருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நான் காந்தியின் சுயசரிதையை வைத்துப் பார்த்தேன். 1893-ல் தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் அவரை இறக்கிவிட்ட இடத்துக்கு ஒரு படம்: பிளாட்பாரத்தில் விழுந்து கிடக்கிறார், மேலே போலீஸ்காரர், கீழே ‘அநீதியை எதிர்க்க முடிவெடுத்தார்’ என்று ஒரு வரி. படம் நன்றாகவே வரைந்திருந்தார்கள். ஆனால் காந்தி எழுதியது வேறு. கடுங்குளிர். அவருடைய மேல்கோட்டு சாமான்களோடு ரயில்வேக்காரர்கள் வசம் இருக்கிறது. கேட்டால் மறுபடி அவமானப்படுத்துவார்களோ என்று கேட்கத் துணிவில்லாமல், விளக்கில்லாத அறையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஊருக்கே திரும்பிவிடலாமா என்றும் யோசிக்கிறார். அந்தக் கோட்டைக் கேட்கத் தயங்கிய மனிதர்தான் காலையில் ரயில்வே மேலாளருக்குத் தந்தி அடிக்கிறார். சுருக்கத்தில் கோட்டு இல்லை, தயக்கமும் இல்லை. உங்கள் மகன் தெரிந்துகொள்ளப் போவது பயமே இல்லாத ஒருவரை.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 200 சொல் படிக்கிறோம் என்று வைத்துக்கொண்டால் 15 நிமிடத்துக்கு 3,000 சொல். 80,000 சொல் உள்ள புத்தகத்தில் அது நூற்றில் நாலு பங்குகூட இல்லை. முதலில் விழுவது ஆதாரங்களும், ‘இது எல்லா இடத்திலும் பொருந்தாது’ என்று நூலாசிரியர் சொல்லும் விதிவிலக்குகளும்தான். முடிவு மட்டும் நிற்கும். அதனால் எந்த வகைப் புத்தகம் என்பது முக்கியம். இதயம் எப்படி ரத்தத்தைத் தள்ளுகிறது, பாலம் எப்படி எடை தாங்குகிறது என்பதற்கெல்லாம் பத்துப் பக்க எழுத்தைவிட ஒரு நல்ல படம் மேல். வாழ்க்கை வரலாறு, பொருளாதார வாதம், மனநலம் இவற்றில் நான் சுருக்கத்தை நம்ப மாட்டேன். மனநலமும் உடல்நலமும் என்றால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். விதிவிலக்கு விழுந்துவிட்ட அறிவுரை ஆபத்து.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் தேடுங்கள்: சுருக்கியவர் பெயர். புத்தகத்தைப் படித்தது யார், படம் வரைந்தது யார், நூலாசிரியரோ பதிப்பகமோ அனுமதி தந்திருக்கிறதா? நீங்கள் காசு கொடுப்பது புத்தகத்துக்கு இல்லை, இன்னொருவர் அதைப் படித்துப் புரிந்துகொண்ட விதத்துக்கு. அந்த இன்னொருவர் யார் என்றே சொல்லாத ஆப்புக்கு நான் பணம் கட்ட மாட்டேன். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். சுருக்கம் படித்து அவன் ஒரு புத்தகத்தையாவது தேடிப் போகிறானா என்று பார்த்துவிட்டு அடுத்த மாதத்தை யோசிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் முழுப் புத்தகங்களையே இலவசமாகத் தருகிறது, அதையும் அவனுக்குக் காட்டிவையுங்கள்.

கேள்வி: ‘வாழ்நாள் சந்தா 80% தள்ளுபடி, இன்னும் 10 நிமிடம்தான்’ என்று ஓர் ஆப் கடிகாரம் ஓடவிடுகிறது. எடுக்கலாமா? – சேலம் வாசகர்

பதில்: வேண்டாம். ஆப்பை மூடிவிட்டு மறுநாள் திறந்து பாருங்கள். கடிகாரம் மறுபடி 10 நிமிடத்திலிருந்து ஓடினால் அது பொய்யான அவசரம். நான் மேலே சொன்ன 13 உத்திகளில் அதுவும் உண்டு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1915-ல் புகார் சொல்லலாம். தவிர, வாழ்நாள் என்பது அந்த நிறுவனம் இருக்கும்வரை, அதே கையில் இருக்கும்வரைதான். இந்தத் துறையில் பெயர்பெற்ற, 2012-ல் பெர்லினில் தொடங்கிய பிளிங்கிஸ்ட்டே 2023-ல் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனத்தின் கைக்குப் போனது. சிறிய ஆப்கள் எத்தனை நாள் நிற்கும் என்று யார் சொல்ல முடியும்?

கேள்வி: ஐயா, நானும் ஓவியரான என் தோழியும் சேர்ந்து தமிழில் படச் சுருக்க ஆப் ஒன்றைத் தொடங்குகிறோம். சமீபத்தில் வந்த கட்டுரை நூல்கள் முப்பதைச் சுருக்கி வைத்திருக்கிறோம். ‘சொந்த வார்த்தையில் எழுதி, சொந்தமாகப் படம் வரைந்தால் காப்புரிமைப் பிரச்சினை வராது’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரிதானா? வாங்குகிறவர்கள் பக்கமிருந்து எங்களுக்கு என்ன சொல்வீர்கள்? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: தம்பி, முதலில் சொல்லைத் திருத்திக்கொள்வோம். காப்புரிமை கண்டுபிடிப்புக்கு, பதிப்புரிமை எழுத்துக்கு. நண்பர்கள் சொன்னது சரியில்லை. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் ‘தழுவல்’ என்பதற்கு விளக்கம் இருக்கிறது. இலக்கிய நூல் ஒன்றின் சுருக்கம் தழுவல். கதையையோ நிகழ்ச்சியையோ முழுவதுமாகவோ பெரும்பாலுமாகவோ படங்களால் சொல்லும் வடிவமும் தழுவல். சட்டத்தின் கணக்கில் கட்டுரை நூலும் இலக்கிய நூல்தான். தழுவல் செய்யும் உரிமை நூலின் உரிமையாளருக்கே என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் செய்திருப்பதை அச்சு அசலாக வர்ணித்தது மாதிரி இல்லையா?

ஒரு புத்தகத்தில் உள்ள தகவலும் கருத்தும் யாருக்கும் சொந்தமில்லை என்பது உண்மை. விமர்சனம் எழுதவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அத்தியாயம் அத்தியாயமாக அதே வரிசையில், அதே உதாரணங்களோடு சுருக்கிவிட்டு விமர்சனம் என்று சொன்னால் நிற்காது. இத்தனை சொல் வரை எடுக்கலாம் என்று அளவும் கிடையாது. முப்பதையும் வெளியிடாமல் நிறுத்திவைத்து, பதிப்பகங்களுக்கு எழுதுங்கள். சில நூல்களுக்கு உரிமை ஆசிரியரிடமே இருக்கும், சிலவற்றுக்குப் பதிப்பகத்திடம் இருக்கும், மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்ப்பாளரும் உண்டு. அனுமதிக் கடிதத்தில் சுருக்கம், படம், ஒலி, ஆப், எத்தனை வருடம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள்.

தோழியுடனும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். நட்பு இருக்கும்போதே போட வேண்டும். படத்தின் உரிமையை அவர் உங்கள் நிறுவனத்துக்கு எழுதித் தரும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ் படிக்கிறவர்களை நீங்கள் எதிர்பார்ப்பீர்கள் அல்லவா?

யாரிடமும் கேட்காமல் தொடங்க வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. பதிப்புரிமை, ஆசிரியர் இறந்த வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம் வரைதான். 1964-ல் மறைந்த நேரு தன் காலத்தில் வெளியிட்ட நூல்கள் 2025 ஜனவரி 1 முதல் பொதுச் சொத்து, யாரும் பயன்படுத்தலாம். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களும் இருக்கின்றன, அவற்றுக்கும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எனக்கு ஆசை, நீங்கள் உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கையிலிருந்து தொடங்க வேண்டும் என்று. 1942-ல் மறைந்தவர், உரிமைச் சிக்கல் இல்லை. 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இவர் படித்ததில்லை. ஏழு வருடம் கழித்து, 1887-ல், அதே சிந்தாமணியை இவரே பதிப்பித்தார். அந்த முகத்தை உங்கள் தோழி வரைந்தால் எப்படி இருக்கும்! அந்த ஒரு சந்திப்புக்கே பதினைந்து நிமிடத்தையும் கொடுக்கலாம். வாழ்க்கை முழுவதையும் திணிக்க வேண்டியதில்லை.

பிளே ஸ்டோரில் பதிவுக் கட்டணம் ஒரே ஒருமுறை 25 டாலர், ஆப்பிளில் வருடா வருடம் 99 டாலர். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குகிறவர் 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதித்துப் பார்க்க வைத்த பிறகே பொதுமக்களுக்கு வெளியிட முடியும் என்பது கூகுளின் விதி. அந்த 12 பேரையும் சும்மா விடாதீர்கள். படித்து முடித்த மறுநாள், போனைப் பார்க்காமல், நூலாசிரியர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். படம் ஞாபகம் இருந்து கருத்து ஞாபகம் இல்லை என்றால் அந்தப் படத்தை மாற்றுங்கள். முழுப் புத்தகம் படித்த ஒருவரையாவது அந்தப் பன்னிரண்டில் சேருங்கள்.

அப்புறம் விலைப் பக்கம். இலவச நாட்களுக்கு யுபிஐ அனுமதி கேட்காதீர்கள். முதல் இரண்டு சுருக்கத்தை எல்லோரும் படிக்கும்படி திறந்து வைத்தால் போதும். ஒவ்வொரு சுருக்கத்தின் முதல் திரையிலும் சுருக்கியவர், வரைந்தவர், அனுமதி தந்த பதிப்பகம், முழுப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்பதைப் போடுங்கள். சந்தா கட்டும் பொத்தான் எந்தத் திரையில் இருக்கிறதோ அதே திரையில் ரத்துசெய்யும் பொத்தானும் இருக்கட்டும். மேலே கும்பகோணத்து அம்மா எழுதிய கடிதத்தை உங்கள் தோழிக்கும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.