லாரி வேகத்துக்கு யாரிடம் மனு?

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் எம்-சாண்ட் லாரிகள் கண்மண் தெரியாமல் பறக்கின்றன. எவ்வளவு சொல்லியும் கேட்பாரில்லை. நாங்களே வேகத்தடை போட்டுவிடலாமா?
– வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: வேண்டாம் அம்மா. நெடுஞ்சாலைத்துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவன் சொல்கிறேன். நாமே ஜல்லியும் சிமென்ட்டும் கொட்டி எழுப்பும் மேட்டில் லாரி விழாது. இரவில் டூவீலரில் குழந்தையோடு வருகிறவர்தான் விழுவார். சாலைகளுக்குத் தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு வேகத்தடைக்குச் சொல்லும் அளவு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அவ்வளவு அகலமாக, வளைவாக இருந்தால்தான் வண்டி தூக்கிப்போடாமல் ஏறி இறங்கும். மேலே வெள்ளைப் பட்டை, முன்னால் எச்சரிக்கைப் பலகை கட்டாயம்.

சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள். கிலோமீட்டர் கல்லின் தலை பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. உதவிக் கோட்டப் பொறியாளரிடம் மனு கொடுங்கள். ஊராட்சிச் சாலை என்றால் கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கூட்ட நாட்கள்தான்.

மனுவில் "வேகமாகப் போகிறார்கள்" என்று மட்டும் எழுதினால் கிடப்பில் போய்விடும். வண்டி எண், நேரம், பள்ளி விடும் வேளையில் எடுத்த போட்டோ சேருங்கள். காவல் நிலையத்துக்கும் ஒரு நகல். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால், ரசீது வாங்காமல் வராதீர்கள்.