எங்கே ஐயா பின்னால்?

கேள்வி: சென்ற இதழின் அர்னெம் கட்டுரையில், கிளைடரில் போய் இறங்கிய பீரங்கிப்படையைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருந்தீர்கள். காலாட்படைக்காரன் முன்னால் நின்று சாகிறான். பீரங்கிக்காரன் பத்திரமாகப் பின்னால் நின்று குண்டு போடுகிறான். இதில் என்ன வீரம்? அதுவும் தோற்றுப்போன சண்டையில்?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பின்னால் என்கிறீர்களே, எங்கே ஐயா பின்னால்? இரண்டாம் உலகப் போரில், 1944 செப்டம்பர் 17 அன்று, பிரிட்டனின் முதலாவது வான்வழி டிவிஷன் (விமானத்திலும் கிளைடரிலும் போய் இறங்கும் படை) ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தின் அர்னெம் பாலத்தைப் பிடிப்பதற்காக அந்த ஊர் அருகே இறங்கத் தொடங்கியபோது, அவர்களுக்குத் துணைக்கு வரவேண்டிய தரைப்படை தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி நின்றது. இடையில் ஆறுகள், பாலங்கள், ஜெர்மானியர்கள். பீரங்கியை எந்தத் திசைக்குத் திருப்பினாலும் சுடுகிறவனுடைய முதுகுப் பக்கமும் எதிரிதான்.

போய்ச் சேர்ந்த விதத்தையும் பாருங்கள். ஹோர்ஸா கிளைடர் எஞ்சின் இல்லாத மர விமானம். இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்து வரும். இடம் வந்ததும் கயிறு கழன்றுகொள்ளும், அப்புறம் காற்றுதான் கதி. உள்ளே ஜீப், பீரங்கி, சில ஆட்கள். மூக்கு ஒரு மரத்தில் மோதினால் கட்டிவைத்த இரும்பு முழுக்க எந்தப் பக்கம் பாயும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஒழுங்காக இறங்கினாலும் சரக்கு சுலபமாக வெளியே வராது. கிளைடரின் வால் பகுதியையே தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும், எதிரி எப்போது வருவானோ என்ற வெட்டவெளியில். ஹோர்ஸாவைவிடப் பெரிய ஹாமில்கர் கிளைடர்கள் இரண்டு, டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளோடு இளகிய மண்ணில் குப்புறக் கவிழ்ந்தன.

அந்த டிவிஷனின் இலகு பீரங்கி ரெஜிமெண்டிடம் இருந்தவை 24 பீரங்கிகள். 75 மில்லிமீட்டர், பாகம் பாகமாகக் கழற்றிக் கோவேறு கழுதை முதுகில் ஏற்றுவதற்கென்று அமெரிக்கர்கள் செய்தவை. குண்டின் எடை ஏழு கிலோகூட இல்லை. எதிரே ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் இரண்டு பான்ஸர் (டாங்கி) டிவிஷன்களின் ஆட்கள். அர்னெம் பாலத்தின் வடமுனையைப் பிடித்து உட்கார்ந்திருந்த பாராசூட் படை அதிகாரி ஜான் ஃப்ராஸ்டின் ஆட்களுக்கு இந்தப் பீரங்கிகள்தான் துணை. எங்கே சுட வேண்டும் என்று பாலத்திலிருந்து சொல்ல வேண்டிய பீரங்கி அதிகாரி மேஜர் மன்ஃபோர்டின் வயர்லெஸ் பேசவில்லை. மனிதர் இருட்டில் ஜீப்பை எடுத்துக்கொண்டு எதிரி நடமாடும் சாலையில் பீரங்கிகள் இருந்த இடத்துக்குத் திரும்பி வந்தார், செட்டைச் சரிசெய்தார், மறுபடி பாலத்துக்கே போனார். வந்த இடத்திலேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊஸ்டர்பேக் என்ற பக்கத்து ஊரின் பழைய சர்ச் ஒன்றைச் சுற்றித்தான் பீரங்கிகளை நிறுத்தியிருந்தார்கள். நகரத்துக்குள் அடிபட்டுச் சிதறிய காலாட்படையினர் அந்த வழியாகத்தான் பின்வாங்கி வந்தார்கள். ரெஜிமெண்டின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் தாம்சன் அவர்களை நிறுத்தி, வரிசைப்படுத்தி, பீரங்கிகளுக்கு முன்னால் அரண் போட்டார். உங்கள் கணக்குப்படி பின்னால் இருக்க வேண்டியவர், காலாட்படையையே முன்னால் நிறுத்திவைத்தார்! டாங்கிகள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வந்தபோது, எங்கோ தொலைவில் விழும்படி கணக்குப் போட்டுச் சுடும் பீரங்கியை நேரே குறிபார்த்துச் சுட்டார்கள். விமானங்கள் போட்ட குண்டுப் பெட்டிகளில் பெரும்பகுதி ஜெர்மானியர் கையில் விழுந்தது. சர்ச்சுக்குப் பக்கத்தில் இருந்த கேட் டெர் ஹோர்ஸ்ட் என்ற பெண்மணியின் வீடுதான் ரெஜிமெண்டின் முதலுதவி நிலையம். கூடத்திலும் நடையிலும் மாடிப்படியிலும் காயம்பட்டவர்கள். தோட்டத்தில் புதைகுழிகள்.

அதே ஊரில் 20ஆம் தேதி ஜான் பாஸ்கிஃபீல்ட் என்ற 21 வயது லான்ஸ் சார்ஜென்ட் செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. அவர் பீரங்கிப்படைக்காரர்கூட இல்லை. கிளைடரில் வந்த சவுத் ஸ்டாஃபோர்ட்ஷயர் காலாட்படையின் ‘ஆறு பவுண்டர்’ என்ற டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்குப் பொறுப்பாளர். பட்டாளத்துக்கு வருமுன் கறிக்கடையில் வேலை. டாங்கியைச் சுமார் 100 கஜம் வரை வரவிட்டுத்தான் சுட்டார். அந்தத் தூரத்தில் தவறவிட்டால் இரண்டாவது வாய்ப்பு டாங்கிக்குத்தான். கூட இருந்தவர்கள் இறந்தும் விழுந்தும் போக, காலில் பலத்த காயத்தோடு தனியாளாகச் சுட்டார். முதலுதவிக்குப் போக மறுத்துவிட்டார். தன் பீரங்கி நொறுங்கியதும், ஆளில்லாமல் கிடந்த இன்னொன்றுக்குத் தவழ்ந்து போனார். உதவிக்கு ஓடிவந்த ஒரு வீரர் வழியிலேயே சுடப்பட்டு இறந்தார். பாஸ்கிஃபீல்ட் இரண்டு குண்டுகள் சுட்டார். மூன்றாவதற்குத் தயாரானபோது எதிரியின் குண்டு அவரைக் கொன்றது. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். கல்லறை எது என்று இன்றுவரை தெரியாது.

தோற்ற சண்டைதான், மறுக்கவில்லை. பாலத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் கொண்டுபோய் இறக்கியது மேலே திட்டம் போட்டவர்கள். அந்தக் கணக்கை அவர்களிடம் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். இரண்டு நாளில் துணைப்படை வந்துவிடும் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் ஒன்பது நாள் நின்றார்கள். ஏறக்குறைய 10,000 பேர் போனதில், 25ஆம் தேதி இரவு மழையில் ரைன் நதியைக் கடந்து திரும்பியவர்கள் 2,400 பேர் சொச்சம். அர்னெம் சண்டைக்காகக் கொடுத்த விக்டோரியா கிராஸ் ஐந்து. சர்ச் பக்கம் நின்ற அந்த 24 பீரங்கிகளின் ஆட்களுக்கு அதில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் கட்டுரையில் அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் கொடுத்தேன்.