ஷெட்யூலர் கோடு ரிவ்யூல "படிச்சா புரியல"ன்னு கமெண்ட் போடலாமா?

கேட்டவர் நிலைமை இதான்: லினக்ஸ் ஷெட்யூலர்ல (எந்த டாஸ்க் எந்த சிபியுல ஓடணும்னு முடிவு பண்ற பகுதி) லோடு பேலன்ஸிங் பக்கம், அதாவது சிபியுக்கள் நடுவுல வேலையைப் பிரிச்சுக் குடுக்கிற இடத்துல, ஒரு பேட்ச் (கோடு மாற்றம்) ரிவ்யூக்கு வந்திருக்கு, லாஜிக் தப்புன்னு அடிச்சு சொல்ல முடியல, ஆனா படிச்சா தலை சுத்துது. டீம்ல புதுசா சேர்ந்தவர்னு நினைக்கிறேன், அதான் இந்தத் தயக்கம். தாராளமா போடுங்க. நான் போட்டுட்டு வாபஸ் வாங்கினவன், அந்த வருத்தம் இன்னும் போகல.

முன்னாடி வேலை பார்த்த இடத்துல நாங்களே மாத்தி வச்சிருந்த ஒரு லினக்ஸ் கர்னல். சீனியர் ஒருத்தர் டிடாச் டாஸ்க்ஸ் ஃபங்ஷன்ல (நெரிசலான சிபியுல இருந்து டாஸ்க்கைக் கழட்டி எடுக்கிற இடம்), எந்த வகை நகர்த்தல்னு பிரிக்கிற ஸ்விட்சுக்கு மேல, ரெண்டே வரி சேர்த்திருந்தாரு: இம்பேலன்ஸ் (எவ்வளவு நகர்த்தணும்ங்கிற அளவு) 64க்குக் கீழ இருந்தா எதையும் நகர்த்தாதே. சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் டாஸ்க்கை நகர்த்தி சிபியு கேஷை (பக்கத்துலயே வச்சிருக்கிற வேகமான மெமரி) வீணாக்க வேணாம்னு, நல்ல எண்ணம்தான். நான் "இந்த 64 எந்த யூனிட்?"னு கேட்டேன். "கோடைப் படிங்க, ரீடபிலிட்டி எல்லாம் ஸ்டைல் மேட்டர், அதுக்காக பேட்ச்சை நிறுத்தாதீங்க"ன்னு பதில் வந்துச்சு, நானும் ஓகே குடுத்துட்டேன்.

விஷயம் என்னன்னா, அந்த இம்பேலன்ஸ்ங்கிற ஒரே வேரியபிள் மைக்ரேஷன் டைப்பைப் (எதை அளவா வச்சு நகர்த்துறோம்ங்கிறது) பொறுத்து ஒரு நேரம் லோடு, ஒரு நேரம் யூட்டிலைசேஷன் (சிபியு எவ்வளவு பிஸிங்கிறது), இன்னொரு நேரம் வெறும் டாஸ்க் எண்ணிக்கை. எண்ணிக்கையா இருக்கறப்போ அது 1 இல்லன்னா 2தான், 64ஐத் தொடவே தொடாது, அதனால எதுவும் நகராது. சாதாரண டெஸ்ட்ல மாட்டவே இல்ல, ஏன்னா தூங்கி எழுற த்ரெட் வேக்அப்லயே காலி சிபியுவைத் தேடிப் போயிடும். இடைவிடாம கணக்கு போடுற த்ரெட்கள்ல பாதி முடிஞ்சு போனப்புறம்தான் தெரிஞ்சுது: ஒரு சிபியுல மூணு த்ரெட், பக்கத்துல ரெண்டு சிபியு சும்மா. அதுவும் நிரந்தரமா இல்ல, நகர்த்தல் பல தடவை ஃபெயில் ஆனப்புறம் ஆக்டிவ் பேலன்ஸ் (ஓடிட்டிருக்கிற டாஸ்க்கையே வலுக்கட்டாயமா நகர்த்துற வழி) வந்து ஒண்ணைத் தள்ளிவிட்டுடும், அதனால வெளியில பார்த்தா "சில நேரம் ஸ்லோ", அவ்ளோதான். மூணு நாள் ட்ரேஸ் எடுத்து உக்காந்தோம்.

உடனே இந்த லோடு பேலன்ஸ் கோடை எழுதுன வின்சென்ட் கிட்டோவைக் குறை சொல்றேன்னு யாரும் வராதீங்க. கர்னல் 5.5ல அவர் இதைப் பிரிச்சு எழுதுனதுக்கு முன்னாடி எல்லாத்தையும் லோடுங்கிற ஒரே எண்ணுக்குள்ள அமுக்கி வச்சிருந்தாங்க, அதை விட இது எவ்வளவோ மேல். பேரெல்லாம் முக்கியமான்னு கேக்கறவங்களுக்கு, 2024ல 6.10க்காக ஷெட்யூலர் மெயின்டெய்னர் இங்கோ மோல்னாரே லோடு பேலன்ஸ் ஃபங்ஷன்களுக்குப் பேரை மாத்துறதுக்குன்னே தனியா பேட்ச் போட்டாரு, எல்லாம் ஷெட் பேலன்ஸ்னு ஆரம்பிக்கிற மாதிரி. மெயின்டெய்னருக்கே அது வேலையாத் தெரிஞ்சிருக்கு.

எங்க இடத்துல அப்படி இல்ல. அந்த வருஷ அப்ரைசல்ல எத்தனை பேட்ச் போட்டேன்னு கேட்டாங்க, எத்தனை பேட்ச் உக்காந்து படிச்சேன்னு யாரும் கேக்கல, அதை எழுத ஒரு கட்டம் கூட அந்த ஃபார்ம்ல கிடையாது. படிக்கிறதுக்கு மதிப்பே இல்லன்னா யார் நிதானமா படிப்பாங்க?

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். "புரியல"ன்னு மொட்டையா போடாதீங்க, தலை சுத்த வைக்கிற வேரியபிள் பேரை எழுதி "இந்த வரியில இது லோடா, எண்ணிக்கையா?"ன்னு கேளுங்க. கோடுலயே இருக்குன்னு பதில் வந்தா, எந்த வரின்னு கேளுங்க, அதுவரைக்கும் ஓகே குடுக்காதீங்க.