கவ்தி சஹா வாங்கினேன், மணம் எங்கே?

கேள்வி: மாட்டுங்கா மார்க்கெட்டில் புதினாவோடு சேர்த்துக் கட்டி கவ்தி சஹா, அதாவது எலுமிச்சைப்புல், தருகிறார்கள். தெருமுனை டீக்கடையில் அதைப் போட்டால் கமகமக்கிறது. நான் போட்டால் வைக்கோலை வேகவைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. இஞ்சியும் சேர்த்தால் சில நாள் பால் திரிந்தே போகிறது. இலையில் உள்ள எலுமிச்சைப் புளிப்புதான் காரணமா? என் மாமியார் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். இரவில் இதைக் குடித்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொடுக்கலாமா? ஜன்னல் கிரில்லில் தொட்டி வைத்து வளர்க்க முடியுமா?
(ஒரு வாசகி, செம்பூர், மும்பை)

பதில்: பால் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். புல்லின் மேல் வீண்பழி விழுந்திருக்கிறது. எலுமிச்சைப்புல்லில் எலுமிச்சையின் மணம் உண்டே தவிர, பாலைத் திரிக்கும் புளிப்பு கிடையாது. மணத்துக்குக் காரணம் சிட்ரால் என்கிற எண்ணெய்ப் பொருள். பழச்சாற்றில் பாலைத் திரிப்பது சிட்ரிக் அமிலம். பெயர்தான் ஒன்றுபோல் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு.

உங்கள் பாலைத் திரித்தது பெரும்பாலும் பச்சை இஞ்சிதான். அதில் பால் புரதத்தை உடைக்கிற ஒரு நொதி இருக்கிறது. சீனாவின் குவாங்டாங் பக்கத்தில் சூடான பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றி உறையவைத்து ஒரு இனிப்பே செய்கிறார்கள், அதுவும் இந்த நொதியின் வேலைதான். நன்றாகக் கொதித்தால் அது செயலிழந்துவிடும். ஆகவே இஞ்சியைத் தட்டித் தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகுதான் பால். பாலை ஊற்றிவிட்டு மேலே இஞ்சி துருவுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இதற்குப் பிறகும் திரிந்தால் பாலின் வயதைப் பாருங்கள். மும்பை வெயிலில் காலைப் பால் பிரிட்ஜுக்கு வெளியே கிடந்திருந்தால் மாலை டீக்குத் தாங்காது.

இனி மணம். இலைக்குள் நுண்ணிய அறைகளில் எண்ணெய் அடைபட்டிருக்கிறது. அந்த எண்ணெயில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு சிட்ரால். இலையை முழுசாகப் போட்டால் எண்ணெய் வெளியே வராது. நறுக்கிக் கசக்கினால் வரும், ஆனால் வந்ததும் ஆவியோடு பறக்கப் பார்க்கும். திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டீர்களானால் அடுக்களை முழுக்க மணக்கும், டம்ளரில் பச்சைப்புல் நெடியும் லேசான கசப்பும்தான் மிஞ்சும். உங்கள் வைக்கோல் தண்ணீரின் ரகசியம் அதுதான். வீடெல்லாம் மணந்தால் டீ நன்றாக வந்திருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நஷ்டக் கணக்கு.

பால் சேர்க்காமல் போடுவதானால் இரண்டு டம்ளர் தண்ணீருக்கு, அதாவது 300 மில்லிக்கு, ஒரு முழ நீளத்தில் நாலைந்து இலை போதும். கத்தரிக்கோலால் அரை அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். இலையின் விளிம்பு கீறிவிடும், கையால் உருவ வேண்டாம். வெட்டியதை அம்மியிலோ உரலிலோ ஒரு தட்டு தட்டுங்கள், நசுங்கினால் போதும், அரைபட வேண்டாம். தண்ணீர் கொதித்ததும் இலையைப் போட்டு, தீயைச் சிறிதாக்கி, இரண்டு நிமிடம். அடுப்பை அணைத்துத் தட்டுப் போட்டு மூடி இன்னும் ஐந்து நிமிடம். மூடியைத் திறந்ததும் அதன் அடியில் நிற்கிற நீர்த்துளிகளைக் கீழே உதறாமல் பாத்திரத்திலேயே சாய்த்துவிடுங்கள், அதிலும் மணம் இருக்கிறது. வடிகட்டிவிட்டுத் தேனோ பனங்கற்கண்டோ உங்கள் விருப்பம். எலுமிச்சம்பழம் பிழிவதாக இருந்தால் இந்தப் பால் சேர்க்காத டீயில் மட்டும் பிழியுங்கள்.

பால் டீதான் தந்திரம் கேட்கும். சிட்ரால் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். பாலின் கொழுப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மூக்குக்கு மணம் குறைந்து தெரியும். டீக்கடைக்காரர் என்ன செய்கிறார் என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு பிடி புது இலை விழும், கஞ்சத்தனமே இருக்காது. வீட்டில் அந்த அளவு வேண்டாம், இலையை இரண்டு தவணையாகப் போட்டால் போதும். ஒன்றரை டம்ளர் தண்ணீரில் தட்டிய இஞ்சியும் மூன்று இலையும் போட்டுக் கொதிக்கவிடுங்கள். ஒன்றரை ஸ்பூன் டீத்தூள், ஒரு நிமிடம் கழித்து முக்கால் டம்ளர் பால். பொங்கி அடங்கியதும் அடுப்பை அணைத்து, மீதி மூன்று இலையைக் கசக்கிப் போட்டு மூடி மூன்று நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். இரண்டாவது தவணையில்தான் டீ மணக்கும். ஏலக்காய் சேர்க்காதீர்கள் என்பது என் பிடிவாதம். இரண்டும் முட்டிக்கொள்ளும். புதினா ஒத்துப்போகும். மார்க்கெட்டில் இரண்டையும் சேர்த்துக் கட்டித் தருவது சும்மா இல்லை.

வாங்கும்போது ஓர் இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். நுனி காய்ந்திருந்தால் பரவாயில்லை, நடு இலை பச்சையாக விறைப்பாக இருக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற வெள்ளைத் தண்டு தாய்லாந்துச் சூப்புக்கு ஆகும். டீக்கு இலைதான், விலையும் குறைவு. வீட்டுக்கு வந்ததும் கழுவி வைக்காதீர்கள். துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றிப் பிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் வரும். கழுவுவது டீ போடும்போது, மடிப்பில் மண் தங்கியிருக்கும். மிஞ்சுகிற இலையை வெட்டி டப்பாவில் போட்டு பிரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும், பனியோடு அப்படியே கொதிநீரில் போடலாம். நிழலில் உலர்த்தலாம்தான், ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் எதை உலர்த்தினாலும் பூஞ்சைக்குத்தான் விருந்து.

உங்கள் மாமியாருக்குத் தாராளமாகக் கொடுங்கள், உணவாக, ஒரு டம்ளர். டீத்தூள் சேர்க்காவிட்டால் இதில் காஃபின் இல்லை, இரவுக்கு அது நல்லதுதான். அதற்கு மேல் தூக்க மருந்து என்று நம்ப வேண்டாம். பிரேசிலில் இதைப் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் வெகு காலமாகக் குடிக்கிறார்கள். அங்கே மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1986இல் வெளியான ஆய்வில் தூக்கத்திலோ பதற்றத்திலோ தனிப் பலன் எதுவும் தென்படவில்லை, கெடுதலும் தெரியவில்லை. வெதுவெதுப்பாக ஏதோ குடித்துவிட்டுப் படுக்கிற சுகம் இருக்கிறதே, அது போதாதா? பிரஷர் மாத்திரையை இதை நம்பிக் குறைப்பதோ நிறுத்துவதோ கூடாது. தினமும் மூன்று நாலு டம்ளர் என்று போனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் கெட்டியான கஷாயமாகக் கொடுக்க வேண்டாம்.

கிரில்லில் வளர்க்கலாம், ஐந்து ஆறு மணி நேரம் வெயில் விழுகிற ஜன்னலாக இருந்தால். மார்க்கெட் கட்டில் வேர் இருக்காது, வெறும் இலை முளைக்காது. அடிக்கிழங்கோடு கூடிய தண்டு கிடைத்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள், இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். நர்சரியில் செடியாக வாங்கினால் ஓர் எச்சரிக்கை: கொசு விரட்டும் செடி என்று சிட்ரோனெல்லாவை விற்பார்கள். பார்க்க இதே புல்தான், அடித்தண்டு செந்நிறம் ஓடியிருக்கும், கசக்கினால் கொசு மருந்து வாடை. அது டீக்கு இல்லை. தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையாமல், அடியில் நீர் வடிய ஓட்டையோடு இருக்கட்டும். மழையில் புல் மளமளவென்று வளரும், மணம் கொஞ்சம் மட்டுதான், அப்போது இரண்டு இலை கூடப் போடுங்கள். அறுக்கும்போது அடியிலிருந்து நாலு அங்குலம் விட்டு வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட துணியில் தொட்டித் தண்ணீர் சொட்டாமல் ஒரு தட்டும் வைத்துவிடுங்கள்.