ஒரு ஹெச்பி பங்கு ஐந்து நிறுவனங்களின் பங்குகளாகப் பிரிந்த கணக்கு

டெக்சாஸ் மாநிலம் பிளேனோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஈடிஎஸ் என்ற கணினிச் சேவை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த அவர், 2008இல் ஹெச்பி அதை வாங்கியபோது ஹெச்பி ஊழியரானார். பிறகு ஹெச்பிஈ, டிஎக்ஸ்சி, பெர்ஸ்பெக்டா என்று அடையாள அட்டைகள்தாம் மாறிக்கொண்டே இருந்தன. உட்கார்ந்த மேசை மாறவில்லை. 2009 முதல் 2013 வரை ஊழியர் பங்குத் திட்டத்தின் வழியே அவர் வாங்கிச் சேர்த்தவை 1,000 ஹெச்பி பங்குகள். இன்று அவருடைய தரகு நிறுவனக் கணக்கில் மூன்று நிறுவனங்களின் பங்குகள் இருக்கின்றன. வேறு இரண்டு நிறுவனங்களின் பேரில் ரொக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. இவற்றின் அடக்க விலையை, அதாவது லாபத்தைக் கணக்கிட விற்ற விலையிலிருந்து கழிக்கவேண்டிய வாங்கிய விலையை, எப்படிக் கணக்கிடுவது என்பது அவருடைய முதல் கேள்வி. இப்போது அவர் பணிபுரியும் வேறொரு நிறுவனமும் இரண்டாகப் பிரியவிருப்பதாக அறிவித்திருப்பதால், அந்தப் பங்குகளை வைத்திருப்பதா விற்பதா என்பது இரண்டாவது.

இரண்டு கேள்விகளுக்கும் ஹெச்பியின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 2011இல் அந்நிறுவனம் உண்மையிலேயே திணறிக்கொண்டிருந்தது. டச்பேட் கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்த சில வாரங்களிலேயே கைவிட்டது. பிரிட்டனின் ஆட்டானமி நிறுவனத்தை ஏறக்குறைய 1,100 கோடி டாலருக்கு வாங்கிவிட்டு, மறு ஆண்டே 880 கோடி டாலரை மதிப்பிழப்பாக எழுதித் தள்ளியது. அந்த ஆண்டு செப்டம்பரில் தலைமை ஏற்ற மெக் விட்மன், கணினிப் பிரிவைத் தனியே பிரிக்கும் யோசனையை ஒரே மாதத்தில் நிராகரித்தார். ஆனால் 2014 அக்டோபரில் அவரே நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கும் முடிவை அறிவித்தார். 2015 நவம்பர் 1 அன்று கணினியும் அச்சுப்பொறியும் ஹெச்பி இன்க் என்ற பெயரில் ஒரு பக்கம் நின்றன; சர்வர், நெட்வொர்க், மென்பொருள், சேவைகள் ஆகியவை ஹியூலெட் பேக்கர்டு என்டர்பிரைஸ், அதாவது ஹெச்பிஈ, என்ற பெயரில் மறு பக்கம் போயின. உங்கள் 1,000 பங்குகளுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 1,000 ஹெச்பிஈ பங்குகள் கிடைத்தன.

அடுத்த இரண்டு பிரிவினைகளும் ஹெச்பிஈயிலிருந்து நடந்தவை. 2017 ஏப்ரலில் சேவைப் பிரிவு வெளியேறி, சிஎஸ்சி நிறுவனத்தோடு இணைந்து டிஎக்ஸ்சி ஆயிற்று. ஒரு ஹெச்பிஈ பங்குக்கு 0.085904 டிஎக்ஸ்சி பங்கு என்பது விகிதம் என்பதால், உங்களுக்கு வந்தவை 85 முழுப் பங்குகளும் மீதிப் பின்னத்துக்கான சிறு ரொக்கமும். அதே ஆண்டு செப்டம்பரில் மென்பொருள் பிரிவு பிரிட்டனின் மைக்ரோ ஃபோகஸ் நிறுவனத்தோடு இணைந்தபோது 0.13732611 என்ற விகிதத்தில் 137 முழு வைப்புப் பங்குகள் (வெளிநாட்டுப் பங்குக்கு ஈடாக அமெரிக்கச் சந்தையில் விற்கப்படுபவை) வந்தன. 2018இல் டிஎக்ஸ்சி தன் அமெரிக்க அரசுத் துறைப் பணிகளைப் பிரித்து, வேறு இரண்டு நிறுவனங்களோடு சேர்த்துப் பெர்ஸ்பெக்டாவை உருவாக்கியது. இரண்டு டிஎக்ஸ்சி பங்குகளுக்கு ஒன்று என்ற கணக்கில் 42 பங்குகள் வந்தன. 2021இல் வெரிடாஸ் கேப்பிட்டல் பெர்ஸ்பெக்டாவைப் பங்கு ஒன்றுக்கு 29.35 டாலர் கொடுத்து வாங்கியபோது உங்கள் கணக்கில் 1,232.70 டாலர் வரவாகியிருக்கும். 2023 ஜனவரியில் ஓப்பன்டெக்ஸ்ட் நிறுவனம் மைக்ரோ ஃபோகஸைப் பங்கு ஒன்றுக்கு 532 பென்ஸ் வீதம் வாங்கியதால் வந்தது இன்னொரு ரொக்க வரவு.

இனி அடக்க விலை. வரியின்றி நடக்கும் பிரிவினையில் புதிய பங்கு இலவசமாக வந்ததாகக் கொள்ளக்கூடாது. பழைய பங்குக்கு நீங்கள் கொடுத்த விலைதான் இரண்டுக்கும் பங்கிடப்படுகிறது. பிரிந்தபின் இரு பங்குகளும் சந்தையில் என்ன மதிப்பில் இருந்தனவோ அந்த விகிதமே அளவுகோல். உதாரணத்துக்காக மட்டும் ஒரு கணக்குப் போடுவோம். 30 டாலருக்கு வாங்கிய பங்கு பிரிந்தபின் ஒன்று 12 டாலருக்கும் மற்றது 15 டாலருக்கும் விற்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் பங்கின் அடக்க விலை 30ஐ 27ஆல் வகுத்து 12ஆல் பெருக்க வரும் 13.33 டாலர், இரண்டாவதன் அடக்க விலை 16.67 டாலர். சந்தை விலைகளைக் கூட்டினால் 27 வந்தாலும் அடக்க விலைகளைக் கூட்டினால் 30தான் வரவேண்டும். உண்மையான சதவீதத்தை நீங்கள் ஊகிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பிரிவினைக்கும் அந்தந்த நிறுவனம் படிவம் 8937 என்ற அறிக்கையை வெளியிட்டிருக்கும். முதலீட்டாளர்களுக்கான பக்கத்தில் அது கிடைக்கும்.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முதலில் ஹெச்பியின் விலை ஹெச்பி, ஹெச்பிஈ இரண்டுக்கும் பிரிகிறது. அதில் ஹெச்பிஈக்குக் கிடைத்த பகுதியிலிருந்து டிஎக்ஸ்சிக்கு உரியது கழிகிறது; மிஞ்சியதிலிருந்து மைக்ரோ ஃபோகஸுக்கு உரியது கழிகிறது; டிஎக்ஸ்சியின் பகுதியிலிருந்து பெர்ஸ்பெக்டாவுக்கு ஒரு பங்கு போகிறது. மைக்ரோ ஃபோகஸ் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தோடு இணையும்போது வேறு விதிகள் குறுக்கிடும் என்பதால், அந்தப் படிவத்தை வரி ஆலோசகரிடம் காட்டாமல் எதையும் எழுதவேண்டாம். மேலும் சூசே மென்பொருள் பிரிவை விற்று வந்த பணத்தில் ஒரு பகுதியை அந்நிறுவனம் 2019இல் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்து, பங்குகளின் எண்ணிக்கையையும் குறைத்தது. ஆகவே 2023இல் ரொக்கமாக மாறியது 137ஐவிடக் குறைவாக இருந்தால் திகைக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் நீங்கள் வாங்கிய ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனியே செய்யவேண்டும். அமெரிக்கத் தரகு நிறுவனங்கள் அடக்க விலையை வரித் துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற விதி 2011 ஜனவரி 1 முதல் வாங்கிய பங்குகளுக்கே பொருந்தும். ஆகவே 2009, 2010ஆம் ஆண்டுகளில் வாங்கியவற்றுக்கு உங்கள் கணக்கில் அடக்க விலை வெற்றாகவோ பூஜ்யமாகவோ இருக்கலாம். அந்தப் பூஜ்யத்தை அப்படியே வரிக் கணக்கில் எழுதி, வராத லாபத்துக்கு வரி கட்டியவர்களை நான் வருடந்தோறும் பார்க்கிறேன். மனம் கனக்கிறது, ஏனென்றால் அவர்கள் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பணம் அது. ஊழியர் திட்டத்தில் தள்ளுபடி விலைக்கு வாங்கியிருந்தால், சம்பள வருமானமாக வரி விதிக்கப்படும் தள்ளுபடித் தொகையையும் அடக்க விலையோடு சேர்க்கவேண்டும். தரகு நிறுவனத்தின் படிவம் பெரும்பாலும் அதைச் சேர்ப்பதில்லை.

ஏற்கெனவே தவறாகத் தாக்கல் செய்திருந்தால், தாக்கல் செய்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் திருத்தலாம் என்பது பொது விதி. பெர்ஸ்பெக்டா பணத்துக்கான கணக்கை 2022 ஏப்ரலில் கொடுத்திருந்தால் அந்தக் கெடு 2025 ஏப்ரலோடு கடந்துவிட்டது. மைக்ரோ ஃபோகஸ் பணத்துக்கான கணக்கை 2024 ஏப்ரலில் கொடுத்திருந்தால் 2027 ஏப்ரல் வரை இடமிருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். டிஎக்ஸ்சி, மைக்ரோ ஃபோகஸ் ஆகிய இரண்டிலும் ஹெச்பிஈ பங்குதாரர்களுக்குக் கிடைத்த உரிமை 50.1 சதவீதம். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களில் ஒரே எண் வந்தது தற்செயல் அன்று. அமெரிக்காவில் ஒரு பிரிவை நேரடியாக விற்றால் தாய் நிறுவனம் வரி கட்டவேண்டும். பிரித்து, உடனே இன்னொரு நிறுவனத்தோடு இணைத்து, இணைந்த நிறுவனத்தில் பழைய பங்குதாரர்களுக்குப் பாதிக்கு மேல் கிடைக்கும்படி செய்தால் அந்த வரி இல்லை. ரிவர்ஸ் மாரிஸ் டிரஸ்ட் என்று அழைக்கப்படும் இந்த ஏற்பாட்டின் எல்லைக்கோடு பாதி என்பதால், அதைத் தாண்டும் அளவுக்குப் பத்தில் ஒரு சதவீதம் கூட்டி நிறுத்தினார்கள். ஆகவே இணையவேண்டிய துணையைத் தேடும்போது தொழில் பொருத்தத்தோடு, பாதிக்குக் குறைவாகவே கேட்கும் அளவுக்குச் சிறியதா என்பதும் பார்க்கப்பட்டது. அந்தத் தேர்வின் விளைவைப் பின்னால் சுமப்பவர்கள் புதிய நிறுவனத்தின் பங்குதாரர்களும் ஊழியர்களும்தான்.

அடுத்துக் கடன். டிஎக்ஸ்சி ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டபோது ஹெச்பிஈ தரப்புக்கு 850 கோடி டாலர் மதிப்பு என்றார்கள். அதில் பங்குகளின் மதிப்பு 450 கோடி மட்டுமே. 150 கோடி ஹெச்பிஈக்குச் சென்ற ரொக்கம், 250 கோடி புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்ட கடனும் பிற பொறுப்புகளும். மைக்ரோ ஃபோகஸ் ஒப்பந்தத்திலும் ஹெச்பிஈக்கு 250 கோடி டாலர் ரொக்கம் சென்றது. தாய் வீட்டுக்குப் பணமும், பிரிந்துபோன பிள்ளைக்குக் கடனும் என்ற இந்த ஏற்பாட்டை ஒட்டித்தான் ஆட்குறைப்பும் வருகிறது. டிஎக்ஸ்சி முதலாண்டிலேயே 100 கோடி டாலர் செலவு மிச்சம் என்று வாக்களித்திருந்தது. சேவை நிறுவனத்தில் செலவு என்பது பெரும்பாலும் மனிதர்களின் சம்பளம். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,600 கோடி டாலர் வருவாய் என்று தொடங்கிய அந்நிறுவனத்தின் வருவாய் 2025 நிதியாண்டில் 1,287 கோடி டாலர். இடையில் விற்றுவிட்ட பிரிவுகளைக் கழித்துப் பார்த்தாலும் இது பெரிய சுருக்கம். மைக்ரோ ஃபோகஸ் பங்கோ இணைந்த ஏழே மாதத்தில், 2018 மார்ச் 19 அன்று, ஒரே நாளில் 46 சதவீதம் விழுந்தது.

பிரித்துவிட்டவர்களின் நிலை வேறு. தனியே நின்ற ஹெச்பி இன்க், ஜெராக்ஸ் வலியக் கொண்டுவந்த ஏறக்குறைய 3,500 கோடி டாலர் விலையை ஏற்க மறுக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது. ஹெச்பிஈ 2019இல் கிரே நிறுவனத்தை வாங்கியது. 2025 ஜூலையில் ஜூனிபரை ஏறக்குறைய 1,400 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. இவற்றை வைத்து நான் சொல்வது இதுதான்: தாய் நிறுவனத்தின் பங்கையும் பிரிந்துபோகும் நிறுவனத்தின் பங்கையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பிரிந்துபோவது வளரும் தொழிலாகவும் கடன் குறைந்ததாகவும் இருந்தால் வைத்திருக்கலாம். முன்பே ஹெச்பியிலிருந்து பிரிந்திருந்த அஜிலென்ட்டிலிருந்து 2014இல் பிரிந்த கீசைட் அப்படி நிலைத்து வளர்ந்தது. (1939இல் பாலோ ஆல்டோவின் ஒரு கார் கொட்டகையில் ஹியூலெட்டும் பேக்கர்டும் தொடங்கிய அளவைக் கருவித் தொழில் இன்று இருப்பது அந்தக் கீசைட்டில்தான்.) சுருங்கும் தொழிலைக் கடனோடு கட்டி அனுப்பினால், வந்த பங்கை முதல் சில மாதங்களிலேயே விற்றுவிடுவதை நான் பரிந்துரைப்பேன்.

உங்கள் இன்றைய நிறுவனம் எந்த வகை என்பதை, பிரியும் நிறுவனம் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் தாக்கல் செய்யும் படிவம் 10இல் பார்க்கலாம். இணைப்பும் சேர்ந்திருந்தால் அதற்குரிய பதிவு ஆவணத்திலும் இதே விவரங்கள் இருக்கும். பிரிந்தபின் இருக்கும் நிலையைக் காட்டும் மாதிரிக் கணக்குப் பகுதிக்கு நேரே செல்லுங்கள். மொத்தக் கடன் எவ்வளவு, தாய் நிறுவனத்துக்குக் கொடுக்கவேண்டிய ரொக்கம் எவ்வளவு, கடந்த மூன்று ஆண்டு வருவாய் ஏறுகிறதா இறங்குகிறதா, ஓய்வூதியப் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பணிபுரியும் பிரிவு எந்தப் பக்கம் போகிறது என்பதையும் அதே தாளில் குறியுங்கள். சம்பளமும் சேமிப்பும் ஒரே கடன்பட்ட நிறுவனத்தில் சிக்குவதாகத் தெரிந்தால், உங்கள் பங்குகளில் பாதியையாவது பிரிவினைத் தேதிக்கு முன்பே விற்றுவிடுங்கள்.